மாதிரி அறையில் பால் பொங்கிய சரித்திரம்

எகிப்து தேசத்தார் பிரமிடு கட்டினார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரும் குடியிருக்க முடியாத கட்டிடம் அது. இத்தனை ஆயிரம் வருஷமாகச் சும்மா கிடக்கிறதே, இதை என்ன செய்யலாம் என்று ஆராய ஒரு குழு போடலாமே என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருவனந்தபுரத்தில் தோன்றியது. ஆகவே மனித நாகரிகத்தின் உச்சம் நைல் நதிக்கரையில் இல்லை, கிள்ளியாற்றங்கரையில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் எழுத்து மூலம் மறுக்கலாம்.

குழுவின் பெயர் ‘நகர மையக் காலிக் கட்டிட மறுவாழ்வு மற்றும் குடியிருப்புத் தட்டுப்பாடு நிவாரண உயர்நிலை ஆலோசனைக் குழு’. இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையே கௌரவச் செயலாளராகப் போட்டார்கள். பெயர் சாம்பசிவன். கரமனை அக்ரஹாரம். ஓய்வு பெற்ற சூப்பரிண்டெண்டென்ட். எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு, பஞ்சாங்கம் பார்ப்பேன். அடிக்கல் நாட்டுவதாகட்டும், ரிப்பன் வெட்டுவதாகட்டும், கூட்டத்தைத் தள்ளி வைப்பதாகட்டும், நான் நாள் குறித்துக் கொடுக்காமல் எங்கள் குழு ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. குறித்துக் கொடுத்த பிறகும் அதிகம் நகர்த்தியதில்லை என்பது வேறு விஷயம்.

தலைவர் சுவாமிதாஸ், ‘சாலை’ என்கிற பெரிய கடைத்தெருவில் ஜவுளி மொத்த வியாபாரி. ஆலோசகர் அபிலாஷ், இளம் ஆர்க்கிடெக்ட். சித்திரை மாதத்து வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வருவார். வியர்வையைத் துடைக்க அது வசதியாக இருந்தது.

முதல் கூட்டத்தில் ‘காலி’ என்றால் என்ன என்று விவாதித்தோம். எடுத்த எடுப்பிலேயே அபிலாஷ் எங்கள் கண்ணைத் திறந்தார்.

“சாரே, ஆள் இல்லாத வீடெல்லாம் காலியல்ல. ஓனர் கல்ஃபிலோ கானடாவிலோ இருக்கான்னு வையுங்க. வீடு பூட்டிக் கிடக்கு. அது வேக்கன்ட் அல்ல. அது வெயிட்டிங்.”

“அதாணு காரியம்!” என்று சுவாமிதாஸ் மேஜையைத் தட்டினார். சாஸ்தமங்கலத்தில் அவருக்குப் பூட்டிய வீடுகள் சில உண்டு.

எனக்கும் மனது குளிர்ந்தது. என் ஒரே பிள்ளை வெங்கிடேஷ் டொரன்டோவில் இருக்கிறான். தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், பெரிய கோபுரம் ஒன்றின் பதினோராவது மாடியில் அவனுக்கு ஒரு ஃபிளாட். வாங்கிய நாள் முதல் அது பூட்டித்தான் கிடக்கிறது. அதைப் போய் ‘காலி’ என்று எழுதினால் குழந்தை மனம் என்ன பாடுபடும்? எனவே ‘காத்திருக்கும் வீடுகள்’ அனைத்தும் கணக்கெடுப்பிலிருந்து ஏகமனதாக நீக்கப்பட்டன. எங்கள் குழுவில் வீடில்லாதவர் ஒருவரும் இல்லை. காத்திருக்கும் வீடு இல்லாதவரும் ஒருவரும் இல்லை.

நீக்கியது போக மிஞ்சியது ஒன்றுதான். சாலைக்குப் பின்னால் ‘சுகவாஸ் லாட்ஜ்’ என்று மூன்று மாடிக் கட்டிடம். வாரிசுகள் வழக்காடிக் களைத்து, கடைசியில் அரசின் கைக்கு வந்து சேர்ந்தது. மாடி மாடியாக அறைகள். எல்லாவற்றிலும் புறாக்கள். இதை மாதிரிக் குடியிருப்பாக மாற்றுவது என்றும், முதலில் ஓர் அறையை மட்டும் ‘மாதிரிக் குடியிருப்பின் மாதிரி அறை’யாகத் தயார் செய்வது என்றும் முடிவாயிற்று.

அறை தயாரானது. இளம்பச்சைப் பெயின்ட், ஜன்னலுக்குத் திரை, காஸ் அடுப்பு, சுவரில் பளபளவென்று ஒரு குழாய். திறந்து பார்த்தேன். காற்றுகூட வரவில்லை.

“பைப் எங்கே அபிலாஷ்?”

“இது மாடலல்லே சாரே. வெள்ளம் செகண்ட் ஃபேஸிலாணு வருவது.”

தண்ணீர் இல்லாத குழாயை இவ்வளவு அழகாக வைக்க ஒரு ஆர்க்கிடெக்டால்தான் முடியும். நமக்கெல்லாம் குழாய் என்றதும் தண்ணீர் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

திறப்பு விழாவுக்கு ஒரு ‘மாதிரிக் குடும்பம்’ வேண்டியிருந்தது. சுவாமிதாஸே பிடித்துக் கொடுத்தார். அவர் கடை வாசலைப் பெருக்குகிற மாடம்மாள், அவள் புருஷன் வேலாயுதன், மகள் அனுஷா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலாயுதன் சாலையில் அரிசி மூட்டை சுமக்கிறவன். சுவாமிதாஸின் குடோன் சுவரை ஒட்டித் தகரம் சாய்த்து அதற்குள் இருந்தார்கள். மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அனுஷா பத்தாம் வகுப்பு. அவளுடைய புத்தகங்கள் பிளாஸ்டிக் பைக்குள், உத்தரத்து ஆணியில் தொங்கின. தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டியவை எங்கள் கோப்புகள். தொங்கியது அந்தப் பெண்ணின் கணக்குப் புத்தகம்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். மாடம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். “வீடு எங்களுக்கா சாமி?”

“விழாவுக்கு மட்டும், மாடம்மா. குடியேறுறாப்போல ஒரு பாவனை. போட்டோ எடுத்ததும் நீங்க கிளம்பிடலாம்.”

அவள் முகம் கொஞ்சம் வாடியது. உடனே சரிசெய்துகொண்டாள். “வாரோம் சாமி, அதுல ஒண்ணும் கொழப்பமில்ல. ஆனா பால் மட்டும் காச்ச வேண்டாம், பாத்துக்கிடுங்க.”

“பால் காய்ச்சாமல் குடியேற்றமா? யாராவது கேட்டால் சிரிப்பா!”

“காச்சுன வீட்டுல அன்னைக்கு ராத்திரி ஆளு படுக்கணும்லா? போட்டோ எடுத்துட்டு எங்கள அனுப்பிருவிய. வீடு இருட்டாக் கெடக்கும். அடுப்பு பத்த வச்சவுகளுக்கு ஆகாது.”

“அட, அதுவும் பாவனைதாம்மா.”

“பாலுக்குப் பாவனை தெரியுமா சாமி? அது நெசமாத்தானே பொங்கும்.”

பாமர ஜனங்களுக்கு நிர்வாக நுணுக்கம் புரிவதில்லை. நான் புன்னகை செய்துவிட்டு வந்துவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் என்று இந்தக் கதையில் யாரையாவது சொல்லவேண்டுமானால், அது நான்தான் என்பார்கள். சொல்லட்டும்.

ஆனி மாதக் கடைசியில் நான் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தேன். லாட்ஜை மறைத்து ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் எங்கள் முகங்கள் ஜன்னல்களைவிடப் பெரிதாக இருந்தன. சிறப்பு விருந்தினர் வந்தார், நிலவிளக்கு ஏற்றினார். பிறகு அடுப்பு. லைட்டரை அவர் எடுத்தது தெரிந்ததும் நாங்களும் ஆளுக்கொரு விரலை அதன்மேல் வைத்தோம். மாதிரிக் குடும்பம் பின்னால் நின்றது. மாடம்மாளின் கை மட்டும் லைட்டரில் படவில்லை, இடமும் இல்லை.

“கை எடுக்கண்டா சாமியே, போட்டோ, போட்டோ!” என்று சுவாமிதாஸ் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நான் குறித்த முகூர்த்தமாயிற்றே. ஒரே கைதட்டல். ‘இன்று ஓர் அறை, நாளை ஒரு நகரம்’ என்று விருந்தினர் பேசினார். எல்லாரும் பாயசம் குடித்தோம், அவர் கார் ஏறினார்.

அபிலாஷ் பூட்டும் சாவியுமாகத் திரும்பி வந்தபோது மாடம்மாள் அறையில் பாய் விரித்திருந்தாள். அனுஷா புத்தகப் பையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“சேச்சி, கழிஞ்சு. ஃபங்ஷன் முடிஞ்சு.”

“பால் பொங்கிட்டு சார்” என்றாள் மாடம்மாள். “நாங்க போவணும்னா இப்பவே போவுதோம். ஆனா இங்க யாராவது படுக்கணும். நீங்க யாரு படுக்கிய?”

சுவாமிதாஸ் தொண்டையைச் செருமினார். “ஞான் ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். எனக்கு இதிலொண்ணும் விசுவாசமில்ல.” தன் ஆள்காட்டி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பின்னே, பால் எல்லா மதத்துக்கும் பாலுதானே?”

பகுத்தறிவாளரான அபிலாஷ் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். “சாரே, வைஃபுக்கு இது ஒன்பதாம் மாசம். ஞான் லைட்டரைத் தொட்டோ?” போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அவர் விரல்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக விழுந்திருந்தது.

என் வீட்டிலிருந்து போன் வந்தது. சீதாலக்ஷ்மி டிவியில் பார்த்துவிட்டாள். “நீங்களும் கை வெச்சேளா?”

“வெச்சேன்.”

“அப்போ ராத்திரி அங்கேயே படுத்துக்கோங்கோ. சாதம் குடுத்தனுப்பறேன்.”

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கக்கூஸில் தண்ணீர் கிடையாது, அதுவும் செகண்ட் ஃபேஸ். குழு அங்கேயே அவசரமாகக் கூடி, மாதிரிக் குடும்பத்துக்கு ‘ஓரிரவுப் பாவனை நீட்டிப்பு’ வழங்கியது. வழங்கிவிட்டு எல்லாரும் நிம்மதியாக அவரவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினோம்.

காலையில் நான் பூட்டோடு போனேன். பாத்திரங்களைக் கட்டி வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள் மாடம்மாள். “போவுதோம் சாமி. குடி பேர நல்ல நாளான்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க. நீங்க பாக்காத நாளா?”

பெருமையோடு பஞ்சாங்கத்தைத் திறந்தேன். அன்று ஆடி ஒன்று. மலையாளத்தாருக்குக் கர்க்கடகம். ஆடியில் யாராவது குடி பெயர்வார்களா? நான் ஆயிரம் கோப்பில் ஆயிரம் எழுதியிருக்கிறேன். ஆனால் பஞ்சாங்கத்தில் பொய் சொன்னதில்லை. பூட்டை ஜோல்னாப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

ஆவணி பிறந்தது, ஓணம் வந்தது. மகாபலியே பாதாளத்திலிருந்து விருந்துக்கு வருகிற நேரத்தில் ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டால் ஊர் காறித் துப்பும். புரட்டாசியில் குடி பெயர்வது வழக்கமில்லை. ஐப்பசியில் துலாவர்ஷம் இடியும் மின்னலுமாக இறங்கியது. கார்த்திகையில் நல்ல நாட்கள் நிறைய இருந்தன. ஆனால் வேலாயுதன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான். கறுப்பு வேட்டியும் தாடியுமாக வாசலில் வந்து நின்று, “என்ன சாமி?” என்றான். “ஒண்ணுமில்லை சாமி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் மார்கழி.

இதற்கிடையில் வேலாயுதன் தெரிந்த பிளம்பரைக் கூட்டிவந்து குழாய்க்குப் பைப் போட்டான். ‘இரண்டாம் கட்டம் வெற்றிகரமாக நிறைவு’ என்று நான் அறிக்கை அனுப்பினேன். அரைப் பரீட்சையில் அனுஷா வகுப்பில் முதலாவதாக வந்தாள். எந்த டியூஷனுக்குப் போகிறாய் என்று கணக்கு டீச்சர் கேட்டாராம். நனையாத தரையில் உட்கார்ந்து படிக்கிறேன் என்றாளாம் இவள்.

ஒரு காரியம் சரியாக நடந்தால் அதற்குப் பக்கவிளைவு இல்லாமல் இருக்குமா? சாலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒருநாள் காலையில் லாட்ஜ் வாசலில் கூட்டம். ஹோட்டல் வேலைக்காரர்கள், சித்தாள்கள், மூட்டை சுமக்கிறவர்கள். ஆளுக்கொரு கையில் பால் பாக்கெட், மறு கையில் சட்டி. “வேற ரூமெல்லாம் சும்மாத்தானே கெடக்கு சாமி, பால் மட்டும் காச்சிக்கிடுதோம்” என்றார்கள்.

நாட்டின் நிர்வாக வரலாற்றில் முதல் முறையாக ‘காலிக் கட்டிடங்களுக்குள் பால் நுழைவுத் தடை’ தீர்மானம் அன்றே நிறைவேறியது. வாசலில் காவலாளிகள் போட்டோம். அவர்களும் கடமை தவறாதவர்கள். பெயின்டர் ஒருவர் டீ வாங்கி வந்ததைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். டீயில் பால் கலந்திருந்ததாம். காவலாளிகள் ராத்திரி எங்கே படுப்பது என்று ஒரு கேள்வி வந்தது. உள்ளே படுத்தால் கட்டிடம் காலி என்ற தகுதியை இழந்துவிடும். ஆகவே அவர்கள் நடைபாதையில் படுத்துக்கொண்டு காலி அறைகளைக் காவல் காக்கிறார்கள்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள், குழுவுக்கும் பிறந்தது. வேறொரு சிறப்பு விருந்தினர் அதே அறையை மறுபடி திறந்து வைக்கச் சம்மதித்தார். திறப்பதற்கு அறை காலியாக இருந்தாக வேண்டும். நல்ல நாளாகப் பார்த்து, காலி செய்யும் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நானே புறப்பட்டேன். சாலையில் வெல்லம் வாங்க வேண்டும் என்று சீதாலக்ஷ்மியும் ஒட்டிக்கொண்டாள்.

நோட்டீஸ் மலையாளத்தில் இருந்தது. அனுஷாதான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னாள். படித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எக்ஸாம் மார்ச்சிலாணு அங்கிள். அது கழிஞ்சு போனாப் போதாதா?”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் கேட்டேன். குழாயைத் திறந்து பிடித்துக் கொடுத்தாள். குடித்ததும் சரியாகிவிட்டது.

“குழு முடிவும்மா. என் கையில என்ன இருக்கு?”

மாடம்மாள் அழவில்லை. “நாளு நல்ல நாளுன்னு நீங்க சொன்னா போவ வேண்டியதுதான் சாமி. எங்க போவன்னுதான் தெரியல. பழைய தகரத்தையும் மொதலாளி பிரிச்சுட்டாவ. அங்க இப்பம் அவுக காரு நிக்கி.” கொஞ்சம் நிறுத்தினாள். “பெரிசா ஒண்ணும் வேண்டாம். பிள்ளை பரீட்ச எழுதி முடிக்கது வரைக்கும் நனையாம ஒரு எடம். சாமிக்குத் தெரிஞ்சு எங்கயாச்சும் இருக்கா?”

நான் வாய் திறப்பதற்குள் சீதாலக்ஷ்மி திறந்துவிட்டாள். “ஏன், நம்ம வெங்கிடேஷ் ஃபிளாட் பூட்டித்தானே கிடக்கு? பால் காய்ச்சினதோட சரி.”

மாடம்மாள் திடுக்கிட்டாள். “பால் காச்சினியளாம்மா? அன்னைக்கு ராத்திரி யாரு படுத்தா?”

“யாரும் படுக்கலையே. அவன் டொரன்டோலேந்து வீடியோவிலதான் இருந்தான். இவர் லாப்டாப்பை அடுப்புக்கு நேரா காமிச்சார். அப்புறம் பூட்டிண்டு வந்துட்டோம்.”

“வீடியோவில் பால் காய்ச்சினால் வீடியோவில் தூங்கினால் போதும். அவன் அன்றைக்கு டொரன்டோவில் நன்றாகத் தூங்கினான்” என்று நான் சாஸ்திரத்தை விளக்கினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

“அடுப்பு யாரு பத்த வச்சா?”

“நான்தான்.” சீதாலக்ஷ்மியின் குரல் இறங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினாள். “அதனாலதான் அவனுக்கு இன்னும் கல்யாணமே தகையலையோ? ஜாதகத்துல தோஷமே இல்லைன்னேளே!”

“ஐயோ, ஒத்தப் பிள்ளைல்லா!” மாடம்மாளின் கண் கலங்கிவிட்டது. தன் வீடு போகிறபோது கலங்காத கண் அது. “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவலம்மா. நாங்க மூணு பேரும் வந்து படுத்துக்கிடுதோம். வெளக்கு வச்சு, அடுப்பு பத்தவச்சு, ஆளு பொழங்குனா எல்லாம் சரியாயிரும். ஒங்க பிள்ளைக்காவத்தான். நல்ல நாளும் சாமியே பாத்துக் கொண்டாந்திருக்காவ. இன்னைக்கே வாரோம்.”

“பேஷா வாங்கோ” என்றாள் சீதாலக்ஷ்மி. “சாவி இவர்கிட்டதான் இருக்கு.”

மனிதனுக்கு ஞானம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கணத்தில் வந்தது. ஒரு தாய், ஒரு தகப்பன், பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண். இவர்களை வீட்டை விட்டுக் கிளப்புவதா? என்ன அக்கிரமம்! நோட்டீஸை வாங்கி நாலாகக் கிழித்தேன். செயலாளரின் அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த அடுப்பு மேடையிலேயே வைத்து உத்தரவு எழுதினேன்: மாடம்மாள் குடும்பம் மேற்படி அறையிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டியது; எக்காரணம் கொண்டும் வேறு எங்கும் போகக் கூடாதது.

அனுஷா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு பையை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தாள்.

அன்று மாலையே குழுவைக் கூட்டினேன். என்ன திடீரென்று என்று சுவாமிதாஸ் இழுத்தார். “உங்கள் சாஸ்தமங்கலம் வீடுகளில் பால் காய்ச்சிய ராத்திரி யார் படுத்தார்கள் என்று மாடம்மாள் விசாரிக்கக்கூடும்” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அபிலாஷும் போட்டார், அவருக்கும் ஆக்குளத்தில் ஒன்று காத்திருக்கிறது.

குடியிருப்புத் தட்டுப்பாட்டை ஒழித்ததற்காக இப்போது எங்கள் குழுவுக்கு விருது அறிவித்திருக்கிறார்கள். நூறு சதவீத சாதனை. எடுத்துக்கொண்டது ஓர் அறை, குடிவைத்தது ஒரு குடும்பம். உத்தரவில் ‘காரணம்’ என்ற இடத்தில் நான் ‘மனிதாபிமானம்’ என்று எழுதியிருந்ததை நடுவர்கள் வெகுவாகப் பாராட்டினார்களாம்.

சீதாலக்ஷ்மி மட்டும் தினமும் ஃபிளாட் சாவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நடைபாதையில் படுக்கிற காவலாளிகளில் யாராவது ஒருவரையாவது அங்கே படுக்கச் சொல்லக் கூடாதா என்கிறாள். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று சாலைக்குப் போய், நல்ல கனமான பூட்டாக இன்னொன்று வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.